பெட்டியில் 144, திரையில் 60!

முன்பெல்லாம் சாமான் வாங்குகிறவர்கள் பெயரைப் பார்த்து வாங்கினார்கள். இன்று எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். மோட்டார் சைக்கிள் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? கைபேசி என்றால் காமிரா எத்தனை மெகாபிக்ஸல்? குளிர்சாதனப் பெட்டி என்றால் எத்தனை நட்சத்திரம்? எண் பெரிதாக இருந்தால் சாமானும் உயர்ந்தது என்பது பொது அபிப்பிராயமாகிவிட்டது.

எண் பொய் சொல்லாது என்பார்கள். வாஸ்தவம். ஆனால் பொய் சொல்லாமலே ஒருவரை ஏமாற்றவும் எண்ணுக்குத் தெரியும். அதற்கு நல்ல உதாரணம், கம்ப்யூட்டர் விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் 'கேமிங் மானிட்டர்'.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '144 ஹெர்ட்ஸ்' என்று இருக்கிறது. சிலவற்றில் 165, இன்னும் சிலவற்றில் 240. சாதாரண மானிட்டரைவிடக் கூடுதலாகச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து, அந்த எண்ணுக்காகவே வாங்குகிறார்கள். வீட்டில் கொண்டுவந்து பூட்டினால் படம் தெரிகிறது; வர்ணம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் திரை ஓடுவதோ 60 ஹெர்ட்ஸில்! பலருக்கு இது தெரிவதே இல்லை. தெரிந்தவர்களுக்கோ அதை 144-க்கு ஏற்றும் வழி தெரிவதில்லை. காசு கொடுத்து வாங்கிய வேகம் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான்.

இந்த ஏமாற்றம் எந்த ஊரிலும் நேரக்கூடியதே. ஆனாலும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் இதைப் பற்றி யோசிப்பதில் தனியான ஒரு பொருத்தம் இருக்கிறது.

திரைகள் பிறக்கும் வட்டாரம்

முப்பது வருஷங்களுக்கு முன் இது ஏரிப்பாசனமும் நெல் வயலுமாக இருந்த பூமி. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராகத் தொடங்கின. 2006-ல் நோக்கியா கைபேசித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது; 2014-ல் அது மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கலங்கி நின்றன. 2007-ல் சாம்சங், டெல் ஆகிய இரண்டு ஸ்தாபனங்களும் இங்கே ஆலை திறந்தன. ஒன்றில் டெலிவிஷன்களும் குளிர்சாதனப் பெட்டிகளும், மற்றொன்றில் கம்ப்யூட்டர்களும் தயாராயின. ஃபாக்ஸ்கான் ஆலையில் ஆப்பிள் கைபேசிகள் உருவாகின்றன. பிளெக்ஸ் ஆலையில் 2020 முதல் எச்.பி. கம்ப்யூட்டர்கள் தொகுக்கப்பட்டன.

திரையின் உயிர்நாடியான பேனல் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. ஆனாலும் அதைச் சட்டத்தில் பொருத்தி, மின்சாரம் கொடுத்து, ஒளி சரியாக இருக்கிறதா, புள்ளி ஏதாவது செத்திருக்கிறதா என்று சோதித்துப் பெட்டியில் போடும் வேலையை அறிந்த கைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து, சுங்குவார்சத்திரத்திலும் மாத்தூரிலும் நான்கு பேராக ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள், 'ஷிப்ட்' முடிந்து வந்து பொழுதுபோக்க ஒரு கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்குகிறவர்களும் உண்டு. மாதத் தவணையில் வாங்குகிறவர்களும் உண்டு.

பகலெல்லாம் ஒவ்வொரு சாமானையும் சோதித்து 'ஓகே' முத்திரை குத்தும் தொழிலாளி, இரவில் தான் வாங்கிய சாமான் சொன்னபடி ஓடுகிறதா என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் நிற்கிறான். இது விசித்திரமில்லையா?

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

சினிமாப் படத்தில் ஒரு விநாடிக்கு 24 நிழற்படங்கள் ஓடுகின்றன என்பது பலருக்குத் தெரியும். 24 மட்டும் போட்டால் கண்ணுக்குச் சிமிட்டல் தெரியும் என்பதால், கொட்டகையில் இருந்த பழைய புரொஜெக்டர்கள் ஒவ்வொரு படத்தையும் இரண்டு அல்லது மூன்று தடவை மறைத்துத் திறந்து காட்டின. கம்ப்யூட்டர் திரையும் இப்படித்தான் விநாடிக்கு இத்தனை தடவை என்று படத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் 'ரிஃப்ரெஷ் ரேட்' என்கிறார்கள். கணக்கிடும் அலகு ஹெர்ட்ஸ்.

60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சுமார் 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 6.9 மில்லி விநாடி. கணக்கு எழுதுகிறவருக்கும் கடிதம் அடிக்கிறவருக்கும் இந்த வித்தியாசம் அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் வாலோரண்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் போன்ற துப்பாக்கி விளையாட்டுகளில் எதிரி சுவருக்குப் பின்னாலிருந்து தலை நீட்டுவது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அங்கே பத்து மில்லி விநாடிக்கும் மதிப்பு உண்டு. வேகமாகத் திரும்பும்போது படம் குழம்பாமல் இருப்பதும் இந்த வேகத்தால்தான்.

"விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை விசாரமா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கலாம். பணம் கட்டி ஆடும் சூதாட்டம் வேறு. திறமையைக் காட்டும் விளையாட்டு வேறு. 2025-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. பணம் வைத்து ஆடுவதைத் தடுத்து, 'ஈ-ஸ்போர்ட்ஸ்' எனப்படும் போட்டிகளை அது அங்கீகரிக்கிறது. அதுவும் போகட்டும். வாங்கும் சாமான் தறியாக இருந்தால் என்ன, திரையாக இருந்தால் என்ன? உழைத்த காசுக்குச் சொன்ன சரக்கு வர வேண்டும் என்பதில் மாறுபாடு இருக்க முடியாது.

வழியில் எத்தனை மதகுகள்!

மானிட்டர் கெட்டுப்போனதால் வேகம் குறைவது அபூர்வம். கம்ப்யூட்டரிலிருந்து திரைக்குப் படம் வரும் வழியில் எங்கோ ஒரு மதகு பாதி மூடியிருக்கும். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்தாலும் வீட்டுக்கு வரும் குழாய் அரை அங்குலமாக இருந்தால் குடம் நிறையத் தாமதமாகத்தானே செய்யும்?

முதல் மதகு, கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. மானிட்டரைப் பூட்டியதும் அது தன் ஜாதகத்தைக் கம்ப்யூட்டரிடம் நீட்டும். 'ஈ.டி.ஐ.டி.' என்று பெயர்; 'வெசா' என்னும் சங்கம் 1990-களில் வகுத்த முறை. என் அளவு இது, என்னால் இன்னின்ன வேகத்தில் ஓட முடியும் என்று அதில் எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் அதைப் படித்துவிட்டு, பெரும்பாலும் ஆபத்தில்லாத 60-ஐயே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். உயர்ந்த வேகம் வேண்டுமானால் உடையவர் போய் மாற்ற வேண்டும். விண்டோஸில் 'செட்டிங்ஸ்' திறந்து, 'சிஸ்டம்', 'டிஸ்ப்ளே', 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' என்று வரிசையாகப் போனால், அங்கே வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கும். அரை நிமிஷ வேலை. ஆனால் இதைப் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் மானிட்டர் அபூர்வத்திலும் அபூர்வம்.

இரண்டாவது மதகு, ஒயரும் அது போய்ச் சேரும் துவாரமும். இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். 1920-க்கு 1080 என்ற திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் வர்ணத்தையும் சொல்ல 24 'பிட்' தேவை. விநாடிக்கு 60 தடவை என்றால் சுமார் 299 கோடி பிட். 144 தடவை என்றால் சுமார் 717 கோடி பிட். திரை 2560-க்கு 1440 ஆனால் 144 ஹெர்ட்ஸுக்கு 1,274 கோடி. '4கே' எனப்படும் 3840-க்கு 2160 திரையானால் 2,867 கோடி!

இவ்வளவையும் ஒயர் சுமந்தாக வேண்டும். 2009-ல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 முறை விநாடிக்குச் சுமக்கும் சரக்கு 816 கோடி பிட். 2013-ல் வந்த 2.0 முறைக்கு 1,440 கோடி. 2017-ல் வந்த 2.1 முறைதான் 4கே திரையை 144-ல் ஓட்டும் அளவுக்கு அகலமானது. ஆனால் இந்த மூன்று துவாரங்களும் பார்வைக்கு ஒரே மாதிரி. மூன்று ஒயர்களின் தலையும் ஒரே மாதிரி! பல மானிட்டர்களில் எச்.டி.எம்.ஐ. துவாரத்தில் ஒரு வேகம், பக்கத்திலுள்ள டிஸ்ப்ளேபோர்ட் துவாரத்தில் அதைவிட அதிக வேகம் என்று இருக்கும். பெட்டியில் போட்டிருப்பது பெரிய எண். அந்தப் பெட்டிக்குள் கிடக்கும் ஒயரோ சில சமயம் சிறிய எண்ணுக்கு உரியது.

மூன்றாவது மதகு, ஒயரின் மறுமுனை. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரின் முதுகில் இரண்டு இடங்களில் துவாரங்கள் இருக்கும். ஒன்று மதர்போர்டைச் சேர்ந்தது. இன்னொன்று கார்டைச் சேர்ந்தது. ஒயரைத் தவறான இடத்தில் செருகிவிட்டால், விலை கொடுத்து வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

நான்காவது, மானிட்டரின் சொந்தப் பொத்தான்கள். 144-க்கு இயல்பாக ஓடும் திரையை 165-க்கு உந்தித் தள்ளும் 'ஓவர்கிளாக்' வசதி சில மானிட்டர்களில் இருக்கும். பெட்டியில் 165 என்றே போட்டிருப்பார்கள். ஆனால் மானிட்டரின் மெனுவைத் திறந்து அந்த வசதியை இயக்கும்வரை 165 பட்டியலிலேயே தோன்றாது.

ஐந்தாவது, கம்ப்யூட்டரின் சக்தி. திரை விநாடிக்கு 144 படம் காட்டத் தயாராக இருந்தாலும், கார்டு 50 படம்தான் வரைந்து தருகிறது என்றால் புதிய படங்கள் 50 மட்டுமே கிடைக்கும். இதில் மானிட்டர் மேல் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் வெவ்வேறு சங்கதிகள் என்பதைக்கூட வாங்குகிறவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

"தம்பி, பெட்டியிலேயே போட்டிருக்கே!"

இந்த ஐந்தையும் அறிந்தவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை. பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிடுவார்கள். அறியாதவர்கள் கடையில் கேட்டால் பேச்சு வழக்கமாக இப்படித்தான் போகும்:

"அண்ணே, இது 144 ஓடுமா?"

"தம்பி, பெட்டியிலேயே போட்டிருக்கே! படிக்கத் தெரியாதா?"

ஒரு வாரம் கழித்து:

"அண்ணே, 60-தான் காட்டுது."

"மானிட்டர்ல ஒண்ணும் இல்லே தம்பி. உன் கம்ப்யூட்டர்லதான் கோளாறு. வேணும்னா நல்ல கேபிளா ஒண்ணு வாங்கிட்டுப் போ."

கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. தயாரிப்பாளரும் பொய் சொல்லவில்லை. திரை உண்மையிலேயே 144-க்கு ஓடக்கூடியதுதான். விளம்பரம் எழுதியவரும் பொய் சொல்லவில்லை. 'வரை' என்ற ஒரு சொல்லைச் சின்ன எழுத்தில் சேர்த்திருப்பார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒருவருக்கு நஷ்டம். இதுதான் இந்த விவகாரத்தின் சூட்சுமம். அதிகம் சொன்னது குற்றமில்லை இங்கே. பாதி சொல்லிப் பாதியை விட்டதே குற்றம்.

திருக்கோஷ்டியூரில் குரு ரகசியமாக உபதேசித்ததைக் கோபுரத்தின் மேல் ஏறி ஊரார் எல்லோரும் கேட்கும்படி ராமாநுஜர் உரக்கச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. அவர் அவதரித்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அந்த ஊரைச் சுற்றி எழுந்திருக்கும் ஆலைகளின் சாமான்களுக்கு மட்டும் உபயோகிக்கும் முறை ஏன் ரகசியமாக இருக்க வேண்டும்?

வாங்குகிறவன் படித்துக்கொள்ள வேண்டாமா?

"சாமானை வாங்குகிறவன் நாலும் விசாரித்துத்தான் வாங்க வேண்டும். சோம்பேறிக்குச் சர்க்கார் பாதுகாப்பா?" என்று வர்த்தகர்கள் தரப்பில் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டப்போகிறார் என்பது தயாரிப்பாளருக்கு எப்படித் தெரியும்? பழைய லாப்டாப்பில் மாட்டிவிட்டு 144 வரவில்லை என்றால் மானிட்டர் என்ன செய்யும்?

இந்த வாதத்துக்குப் பதில் ஒரகடத்திலேயே இருக்கிறது. அங்கே வாகனங்களைச் சோதிப்பதற்கென்று மத்திய சர்க்காரின் திட்டத்தில் அமைந்த உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. மோட்டார் சைக்கிளோ காரோ, தயாரிப்பாளர் தாமாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலை சான்று தர வேண்டும். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற விளம்பரத்திலும், அது வரையறுத்த சோதனை நிலைமையில் கிடைத்த எண் என்ற குறிப்பு இருக்கும். ஓட்டுகிறவர் எப்படி ஓட்டுவார் என்பது அங்கேயும் தயாரிப்பாளருக்குத் தெரியாது. அதற்காக நிபந்தனையைச் சொல்லாமல் விடுவதில்லையே!

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மோட்டார் சைக்கிள் விளம்பரத்தில் உள்ள மைலேஜை ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் யாராலும் எட்ட முடியாது; அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் மானிட்டரின் 144-ஐ வீட்டிலேயே முழுக்க முழுக்க எட்டலாம். எட்டும் வழியைச் சொன்னால் போதும். சொல்வதற்குச் செலவு, பெட்டியில் நான்கு வரி மை. அதைக்கூடச் செய்யாமல் வாங்குகிறவரைச் சோம்பேறி என்பது நியாயமாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

திரை விஷயத்தில் எண்ணை ஒழுங்குபடுத்திய முன்னுதாரணம் உலகில் உண்டு. 1990-களில் அமெரிக்காவில், குழாய் வடிவில் இருந்த பழைய மானிட்டர்களை 17 அங்குலம் என்று விற்றார்கள். கண்ணுக்குத் தெரிந்த படமோ சுமார் 16 அங்குலம். மீதி பிளாஸ்டிக் சட்டத்துக்குள் மறைந்திருந்தது. கண்ணாடிக் குழாயை அளந்தால் 17 சரிதான்! அங்கும் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் வழக்குகள் எழுந்தன. அதன்பின் பார்வைக்குத் தெரியும் அளவு எவ்வளவு என்று தனியாக அச்சிடும் வழக்கம் வந்தது. அதனால் எந்த ஸ்தாபனமும் திவாலாகிவிடவில்லை.

இந்தியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. முக்கியமான செய்தியை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரமும் தவறான விளம்பரமே என்று அது சொல்கிறது. அப்படிப்பட்ட விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளோ இன்னும் தெளிவானவை. விளம்பரத்தில் சேர்க்கும் நிபந்தனைக் குறிப்பு, விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும். முக்கியச் செய்தியை மறைக்கும் முயற்சியாக அது இருக்கக் கூடாது. கொட்டை எழுத்தில் 144. எந்தத் துவாரத்தில் என்பது கையேட்டின் பின் பக்கத்தில் என்றால், அந்த நெறிமுறையின் நோக்கத்துக்கு அது ஒவ்வுமா?

'பி.ஐ.எஸ்.' பதிவு எண் இருக்கிறதே என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். கட்டாயப் பதிவு உத்தரவின் கீழ் வரும் அந்த எண், மின்சாரத்தால் ஆபத்து நேராது என்ற பாதுகாப்புக்கு உரியது. திரை எந்த வேகத்தில் ஓடும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஷாக் அடிக்காத மானிட்டர் என்பதற்கும் 144-ல் ஓடும் மானிட்டர் என்பதற்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல.

மொழி விஷயமும் இருக்கிறது. பெட்டியில் அச்சிட வேண்டிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதி. வேறு மொழியையும் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தொகுத்து, சென்னை ரிச்சி தெருவில் விற்று, சுங்குவார்சத்திரத்தில் பூட்டும் சாமானிலும் நான்கு வரி தமிழ் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இல்லாததற்குக் காரணம் கேட்பாரில்லை என்பதே.

செய்ய வேண்டியவை

தயாரிப்பாளர்கள் செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, பெரிய எண்ணுக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் எந்தத் துவாரத்தில் எந்த வேகம் என்ற சிறு அட்டவணை. இரண்டாவது, விளம்பரம் செய்த முழு வேகத்தையும் சுமக்கக்கூடிய ஒயர் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் 'ஒயர் தனி' என்று வெளியே போட வேண்டும். மூன்றாவது, வேகத்தை மாற்றும் முறையைத் தமிழில் ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுப் போட வேண்டும்.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்று: பணம் வாங்குமுன் ஓட்டிக் காட்டுவது. பல்பு வாங்கினால் ஹோல்டரில் போட்டு எரியவிட்டுத் தருவது நம் ஊர்க் கடைகளின் பழைய வழக்கம். பத்து ரூபாய் பல்புக்கு இருந்த மரியாதை பல ஆயிரம் ரூபாய் மானிட்டருக்கு இல்லாமல் போக வேண்டாம். தொழிற்சாலையில் ஒவ்வொரு சாமானும் சோதனைக்குப் பிறகுதான் வாசலைத் தாண்டுகிறது. அந்தச் சோதனை கடை மேஜை வரை நீண்டால், பாதிச் சண்டைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

சர்க்கார் செய்ய வேண்டியது புதிய சட்டம் போடுவது அல்ல. இருக்கும் நெறிமுறையை மின்னணுச் சாமான்களின் எண்களுக்கும் கறாராகப் பிரயோகித்தால் போதும். குளிர்சாதனப் பெட்டியின் மேல் எத்தனை யூனிட் மின்சாரம் என்று நட்சத்திரச் சீட்டு ஒட்டும் முறை 2006-ல் தொடங்கியது. முதலில் விருப்பமானால் ஒட்டலாம் என்று வைத்துப் பிறகு கட்டாயமாக்கினார்கள். இன்று அந்தச் சீட்டைப் பார்க்காமல் குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறவர் குறைவு. திரைகளுக்கும் அப்படி ஒரு சீட்டு ஏன் கூடாது?

அதுவரை வாங்குகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதுதான். எந்தத் துவாரத்தில் எந்த வேகம் என்று கடையில் முதலில் கேட்க வேண்டும். தங்கள் கம்ப்யூட்டரின் துவாரம் எந்த வகை என்பதைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். எச்.டி.எம்.ஐ. ஒயர் வாங்கினால் 'பிரீமியம் ஹை ஸ்பீட்', 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்ற சான்றுச் சீட்டு உறையின் மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் பூட்டியதும் செட்டிங்ஸில் வேகத்தைப் பார்த்துவிட வேண்டும். பட்டியலில் பெரிய எண்ணே வரவில்லையானால் ஒயரை டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம். கார்டின் துவாரத்தில்தான் செருகியிருக்கிறதா என்று பார்க்கலாம். மானிட்டரின் மெனுவைத் திறந்து பார்க்கலாம்.

இவ்வளவும் செய்தும் சொன்ன வேகம் வரவில்லையா? பில்லையும் பெட்டியையும் எறியாமல், திரையில் தெரியும் எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன் கடைக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனுக் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது. சாமான் எங்கே வாங்கியதானாலும், தாம் வசிக்கும் இடத்தில் அல்லது வேலை பார்க்கும் இடத்தில் மனுச் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. விழுப்புரத்திலிருந்து வந்து ஒரகடத்தில் உழைக்கும் ஒருவருக்கு இது சிறிய உதவி அல்ல.

ஆலையில் ஒரு திருகாணி சரியாக முடுக்கப்படவில்லை என்றால் சாமான் திரும்பி வருகிறது. முடுக்கியவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் கையால் போகும் சரக்கில் இவ்வளவு கண்டிப்பை எதிர்பார்க்கும் தொழில் உலகம், அவர் கைக்கு வரும் சரக்கிலும் அதே கண்டிப்பைக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது. பெட்டியில் 144 என்று அச்சிடுகிறவர்கள், அந்த 144-ஐ அடையும் வழியையும் பக்கத்திலேயே அச்சிடட்டும். வேலைக்கு ஒரு நியாயம், விலைக்கு ஒரு நியாயம் என்று இரண்டு நியாயம் இருக்க முடியாது.